வாய் தெரிகிற முகமூடி

முகமூடி நடன விழாவுக்குப் போகலாம் வா என்று தோழி கூப்பிட்டதும், மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டேன். அவள் விடவில்லை. "காது கேட்காத குழந்தைங்களுக்கு மிஷின் வாங்கித் தர்றதுக்கு நிதி திரட்டுறாங்கடி. நீயே வரலேன்னா எப்படி?" என்று கேட்டாள். அதற்கும் மாட்டேன் என்றேன். முகமூடி என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு 2020தான் ஞாபகம் வரும்.

ஒன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் என் இரண்டு காதுகளையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. காதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் போட்டுத் தருகிற வரைபடத்தில் என் கோடு 70 டெசிபலை ஒட்டி ஓடுகிறது; அதைவிடச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்காது. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவில் இருக்கும். மிஷினைக் கழற்றி வைத்துவிட்டால் அது எனக்கு எட்டாது. மாட்டிக்கொண்டால் சத்தம் எட்டும். ஆனால் சத்தம் எட்டுவது வேறு, சொல் புரிவது வேறு. பாதி வார்த்தைதான் காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வேன். முப்பது வருடமாக இப்படித்தான் வாழ்கிறேன்.

2020இல் எல்லோருடைய வாயும் ஒரே வாரத்தில் மறைந்துபோனது. மருந்துக்கடை, வங்கி, அலுவலகம், பேருந்து என்று எங்கே போனாலும் கண்கள் மட்டும்தான். மாஸ்க்கின் எலாஸ்டிக்கும் மிஷினும் காதுக்குப் பின்னால் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டன. ஒரு நாள் படிக்கட்டில் இறங்கும்போது மாஸ்க்கைக் கழற்றினேன், வலது மிஷின் தெறித்து விழுந்து உடைந்தது. ஒரு மருத்துவமனையில் என் பெயரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று தெரியாமலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே வந்து தோழிக்குத்தான் முதலில் எழுதினேன். அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, மாஸ்க்கைக் கீழே இறக்கி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து என்னோடு அரை மணி நேரம் பேசினாள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அப்படிப்பட்டவள் கூப்பிடுகிறாள் என்றால் காரணம் இருக்கும். மறுநாள் நேரிலேயே வந்தாள். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் மூடுகிற அரை முகமூடி.

"இதுல என்ன மூடியிருக்கு?"

"கண்ணு."

"வாய்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பாதி அப்படியே திறந்திருந்தது.

முகமூடி செய்வதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வாங்கியிருக்கலாம்தான். ஆனால் எந்த முகமூடி வாயை விட்டுவைக்கிறது, எது விழுங்குகிறது என்று தேட ஆரம்பித்ததில் எனக்கே ஆசை வந்துவிட்டது. இந்தக் கைவேலைக்குப் பேர்போன ஊர் வெனிஸ். அங்கே முகமூடிக் கைவினைஞர்களுக்கு 1436லேயே தனியாகச் சட்டதிட்டம் இருந்தது. களிமண்ணில் முகம் பிடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சுக்குள் காகிதக் கூழை அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்து, பிறகு வர்ணம் பூசுவார்கள். 1797இல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்ததோடு அந்த ஊரின் முகமூடித் திருவிழாவும் மங்கிப்போனது. திரும்பப் பெரிய அளவில் உயிர்பெற 1970களின் கடைசிவரை ஆனது.

அவர்களுடைய வகைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். பாவுட்டா முழு முகத்தையும் மூடும் வெள்ளை முகமூடி. அதில் வாயே கிடையாது. மூக்குக்குக் கீழே தாழ்வாரம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டே சாப்பிடலாம், குடிக்கலாம். பேசினால் குரலே மாறிவிடும். எனக்கு அது மூடிய கதவு. இன்னொன்று மொரேட்டா. பெண்கள் போட்டுக்கொண்ட கறுப்பு வெல்வெட் வட்டம். அதற்கு நாடா இல்லை. உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் பல்லில் கடித்துக்கொண்டால்தான் முகமூடி முகத்தில் நிற்கும். போட்டிருக்கிற வரைக்கும் அந்தப் பெண் பேச முடியாது. அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச முடியாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு கவர்ச்சி இருப்பதாக யாரோ நினைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பேச்சு புரியாமல் புன்னகைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என் பழைய கல்யாண வீடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அதில் எந்தக் கவர்ச்சியும் இல்லை.

மூன்றாவது கொலம்பினா. அதுதான் தோழி காட்டிய அரை முகமூடி.

நாங்கள் செய்தது அதைத்தான். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, பசை கலந்து, ஒரு பிளாஸ்டிக் முகத்தின் மேல் பூசினோம். காய்ந்ததும் அவள் தன்னுடையதைக் கறுப்பில் முடித்துவிட்டாள். நான் வெள்ளை அடித்தேன், அதன் மேல் ஆரஞ்சு வட்டங்களை ஒட்டினேன். பேட்டரி ஸ்டிக்கர்கள். என் மிஷினுக்கு 13ஆம் எண் பேட்டரி, அதன் மேல் ஒரு சின்ன ஆரஞ்சு ஒட்டுத்தாள் வரும். 312க்குப் பழுப்பு, 10க்கு மஞ்சள், 675க்கு நீலம். நிறத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடலாம். ஒட்டுத்தாளைப் பிய்த்ததும் காற்று உள்ளே போய் பேட்டரி வேலை செய்ய ஆரம்பிக்கும். பிறகு பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதன் ஆயுள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிய்த்த தாள்களை நான் தூக்கிப் போடுவதில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். அதிலிருந்து நாற்பத்தைந்து எடுத்து, நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் மீன் செதில் போல அடுக்கினேன். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தங்கரேக்கு மாதிரி இருந்தது. நான் செய்த பொருள்களிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

கட்டுவதில்தான் சிக்கல். எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் போகக் கூடாது. ரிப்பன் கட்டினால் மிஷினில் இருக்கும் மைக்கின் மேல் உரசி காதுக்குள் கரகரவென்று புயல் அடிக்கும். தோழிதான் வழி கண்டுபிடித்தாள். பட்டையான ஹேர்பேண்ட் ஒன்றில் இரண்டு வளையம் தைத்து, முகமூடியை நெற்றிக்கு மேலிருந்து தொங்கவிட்டாள். காதுப் பக்கம் எதுவுமே இல்லை. போட்டுப் பார்த்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். மிஷின் அசையவில்லை.

இதற்கு நடுவில் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவேற்பில் நிற்பவர்கள் அரை முகமூடி போடட்டும், பேசுகிற இடங்களில் கொஞ்சம் வெளிச்சம் வையுங்கள், முடிந்தால் லூப் ஏற்பாடு செய்யுங்கள். லூப் என்பது அறையைச் சுற்றிப் போடுகிற ஒரு கம்பி. மேடை மைக்கில் பேசுவது அந்தக் கம்பி வழியாகக் காந்த அலையாக வந்து, மிஷினுக்குள் இருக்கும் டெலிகாயில் என்கிற சின்னக் கம்பிச்சுருளில் நேராக இறங்கும். நடுவில் இருக்கிற இரைச்சல் எதுவும் சேராது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது.

போய் இறங்கினால், வாசலில் நின்ற ஆறு பேரும் பாவுட்டா மாதிரி முழு முகமூடி போட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இவர்கள் திரட்டுவது காது கேளாத குழந்தைகளுக்கான பணம். அவர்களுக்குப் பின்னாலேயே இருந்த பலகையில், மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவுக்குக் கேட்கும் திறன் இழந்தவர்கள் உலகம் முழுக்க 43 கோடிப் பேர், அதில் 3.4 கோடி குழந்தைகள் என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன கணக்கைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அந்த 43 கோடியில் ஒருத்தி முன்னால் வந்து நிற்கிறாள், அவளிடம் ஆறு வாயில்லாத முகங்கள் ஏதோ கேட்கின்றன. தோழி என் முழங்கையைத் தொட்டாள். அப்புறம் அவளே முன்னால் போய் பெயர், சீட்டு, ஏல எண் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள். என்னுடையது 28.

உள்ளே போன முதல் அரை மணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. உயரமான கூரை, கல் சுவர், எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று மோதித் திரும்பி வந்தது. மிஷின் பாவம், எது பேச்சு எது பாத்திரம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கொடுத்தது. மேசைகளில் மெழுகுவர்த்தி வடிவ விளக்குகள் மட்டும்தான். வாய் திறந்திருந்தால் போதாது, அதன் மேல் வெளிச்சம் விழவேண்டும். ஏல மேசைகளுக்கு மேலே மட்டும் நல்ல வெள்ளை விளக்குகள் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே முகாம் போட்டுவிட்டோம்.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிய வந்தது. வெளிச்சம் இருக்கிறது, எதிரில் நிற்பவர் அரை முகமூடிதான் போட்டிருக்கிறார், உதடு தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் எனக்குப் பேச்சு நழுவியது. ஒருவர், "தனியா வந்தீங்க" என்றார். ஆமாம் என்பதா இல்லை என்பதா, அவர் எனக்குத் தகவல் சொல்கிறாரா கேட்கிறாரா? இன்னொருவர் "சாப்பிட்டாச்சு" என்றார். அவர் சாப்பிட்டுவிட்டாரா, என்னைக் கேட்கிறாரா? வழக்கமாக இது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஏன் இப்போது?

யோசித்துப் பார்த்தால், புருவம். நாம் பேசும்போது கடைசி ஆவை விழுங்கிவிட்டு, குரலை மட்டும் மேலே ஏற்றிக் கேள்வி கேட்கிறோம். குரல் ஏறுவது எனக்குச் சரியாகக் கேட்காது. ஆனால் குரலோடு சேர்ந்து புருவமும் ஏறும். இத்தனை வருடம் நான் உதட்டைப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதி நேரம் புருவத்தையும் படித்திருக்கிறேன். சைகை மொழிகள் பலவற்றில் ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவதுதான் இலக்கணமே. அது எனக்குத் தெரியும். வாயால் பேசுகிறவர்களிடமும் நான் அதையே நம்பியிருக்கிறேன் என்பது அந்த விளக்குக்குக் கீழே நின்றபோதுதான் தெரிந்தது. 2020இல் கண்ணும் புருவமும் இருந்தன, வாய் இல்லை. இங்கே வாய் இருந்தது, புருவம் இல்லை. முகம் முழுசாக வேண்டியிருக்கிறது எனக்கு.

தோழியிடம் சொன்னேன். அவள் ஒரு நொடி யோசித்தாள். "சரி, இனிமே ஆ போட்டுக் கேக்குறேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்த ராத்திரி முழுக்க அவள் ஒரு கேள்வியில்கூட ஆவை விழுங்கவில்லை. வேணுமா, ஆடலாமா, கால் வலிக்குதா என்று ஒவ்வொன்றிலும் வாயை நன்றாகத் திறந்தாள்.

இதே நேரத்தில் என்னால் முடிந்த ஒரு வேலை மற்றவர்களுக்கு முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், ஹேமார்க்கெட் அரங்கில் ஹைடெகர் என்பவர் நடத்திய முகமூடி விழாக்களில், குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்பதுதான் வணக்கம் சொல்வது மாதிரி என்று படித்திருந்தேன். குரலை மாற்றினால் எனக்கு எதுவும் மாறாது. நான் குரலை வைத்து யாரையும் அடையாளம் காண்பதில்லை. நடையை வைத்து, தோள் சாய்கிற விதத்தை வைத்து, பேசும்போது கை எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். மண்டபத்தின் அந்தக் கோடியில், கணுக்கால் வரை அங்கியும் முழு முகமூடியும் தொப்பியுமாக ஒருவர் போனார். இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது, மூன்று எட்டுக்கு ஒரு தடவை குதிகால் லேசாக இழுத்தது. "நம்ம பழைய ஆபீஸ் கணக்காளர்" என்றேன். தோழி நம்பவில்லை. போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வரும்போது வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். அப்புறம் அரை மணி நேரத்தில் இன்னும் நான்கு பேரைச் சொன்னேன். நாலும் சரி.

முகத்தை மூடினாலும் மீதி உடம்பு பேசிக்கொண்டே இருக்கிறது. சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792 மார்ச் 16 அன்று ஸ்டாக்ஹோம் ஆப்பெரா அரங்கில் நடந்த முகமூடி நடனத்துக்குப் போனார். வரவேண்டாம் என்று முன்பே ஒரு மொட்டைக் கடிதம் எச்சரித்திருந்தது. முகமூடி போட்டிருந்தும் மார்பில் இருந்த விருதுச் சின்னம் அவரைக் காட்டிக்கொடுத்தது. பின்னாலிருந்து சுட்டார்கள், அதே மாதம் 29ஆம் தேதி இறந்தார். எனக்கு அந்தக் கதையைப் படித்தபோது தோன்றியது, சின்னம் இல்லாவிட்டாலும் அவர் நடையைத் தெரிந்த ஒரு சேவகனுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்.

அந்த மேசைப் பக்கம் ஒரு வயதான அம்மா வந்தார். முழு வெள்ளை முகமூடி, ஒரு துளை இல்லை. என் முகமூடியைக் காட்டி ஏதோ கேட்டார். முகமூடி அப்படியே அசையாமல் நிற்க, தலை மட்டும் ஆடியது. எனக்குக் காது கேட்காது, வாயைப் பார்த்தால்தான் புரியும் என்று சொன்னேன். உடனே அவர் முகமூடியின் தாடைப் பக்கத்தைப் பிடித்து நெற்றிக்குத் தூக்கினார். அறுபது எழுபது வயது முகம், வியர்த்திருந்தது. "இந்த ஆரஞ்சு வட்டம் எல்லாம் என்னம்மா?" என்று கேட்டார். பேட்டரி ஸ்டிக்கர் என்றதும் முகமூடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவினார். அதற்குப் பிறகு அந்த ராத்திரி எங்கே எதிரில் பட்டாலும், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், அவர் முகமூடியைத் தூக்கி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறக்கிக்கொண்டு போனார். ஏழெட்டு தடவையாவது இருக்கும். வாசலில் வந்த கோபம் எப்போது போனது என்று கேட்டால் அந்த மூன்றாவது, நான்காவது தடவையில் என்றுதான் சொல்வேன்.

ஏலம் எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. யாரும் கூவவில்லை, சுத்தி தட்டவில்லை. ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் ஒரு தாள். உங்கள் எண்ணையும் தொகையையும் எழுத வேண்டும். அடுத்தவர் அதற்கு மேல் எழுதுவார். மணி அடிக்கும்போது கடைசியில் இருக்கும் எண்ணுக்குப் பொருள். காது தேவையே இல்லாத ஏலம். பேனாவைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், எல்லோரும் ஒன்றுதான். ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்துக்கு நானும் 41ஆம் எண்ணும் மாறி மாறி எழுதினோம். கடைசியில் 41 எடுத்துவிட்டார். எழுதியிருந்த எழுத்து சாய்ந்து அழகாக இருந்தது. கிடைத்தவருக்கு அது பொருத்தம்தான்.

பக்கத்தில் இன்னொரு பலகை. நேரடியாகக் கொடுக்க நினைப்பவர்களுக்காகச் சின்னச் சின்ன அட்டைகள் குத்தி வைத்திருந்தார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மிஷின். ஒரு குழந்தைக்கு இரண்டு மிஷின். ஒரு பள்ளிக்கு ஐந்து மிஷின். மேலிருந்து கீழ்வரை படித்தேன். மோல்டு எங்கே? பேட்டரி எங்கே?

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினிலிருந்து சத்தத்தைக் காதுக்குள் கொண்டுபோவது மோல்டு. அந்தந்தக் காதுக்கு அச்செடுத்துச் செய்வது. குழந்தையின் காது வளர்ந்துகொண்டே இருக்கும். கைக்குழந்தை என்றால் சில மாதங்களிலேயே மோல்டு தளர்ந்துவிடும். தளர்ந்தால் சத்தம் கசிந்து வெளியே வந்து, திரும்ப மைக்குக்குள் போய், கீ என்று கத்தும். குழந்தை பிடுங்கி எறியும். வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பத்து வயதில் அந்தக் கீச்சொலிக்காகவே மிஷினைப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ஒரு முழுப் பருவமும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் நல்ல மிஷின் இருந்தது. இல்லாமல் போனது காதுக்குப் பொருந்துகிற ஒரு துண்டு சிலிக்கோன். பேட்டரியும் அப்படித்தான். ஒன்றிரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு அடுத்தது யார் வாங்கித் தருவார்கள்? மிஷின் கொடுக்கும் நாளில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து அது பெட்டிக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

தோழியிடம் சொன்னேன். "செயலாளர் அதோ நிக்கிறாங்க, போய்ச் சொல்லலாமா?" என்றாள். போனோம். அந்தப் பெண்மணி நல்லவேளை அரை முகமூடிதான் போட்டிருந்தார். சத்தத்தில் சரிவராமல், ஏலத் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பேசினோம். ஒரு இடத்தில் அவர் சொன்னதை நான் மனம் என்று படித்தேன். மனம் இருக்கிறது, ஆனால் முடியவில்லை என்கிறார் என்று நினைத்து இதமாக ஏதோ சொன்னேன். அவர் சொன்னது பணம். பாவும் மாவும் உதட்டில் ஒரே மாதிரி, இரண்டுக்கும் உதடு ஒட்டிப் பிரியும், அவ்வளவுதான். பணம், மனம், மணம் மூன்றும் எனக்கு ஒரே படம். அவர் தாளில் எழுதிக் காட்டினார்: "மிஷினுக்குன்னு கேட்டா பணம் வருது. மோல்டுக்குன்னு கேட்டா அது என்னன்னே தெரியல."

நான் என் இடது மிஷினைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மோல்டைத் தனியாகப் பிரித்துக் காட்டினேன். அவர் அதை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த வேலையில் எத்தனை வருடமாக இருக்கிறாரோ, ஒருவர் காதிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று முகத்தில் தெரிந்தது. முகமூடியை அவர் எப்போதோ கழற்றியிருந்தார். புருவம் இரண்டும் மேலே இருந்தன.

அப்புறம் நடனம். அதைச் சொல்லாமல் விட்டால் தோழி கோபித்துக்கொள்வாள். தரை பலகைத் தரை. பெரிய முரசுச் சத்தமும் தந்தி வாத்தியத்தின் அடிச்சத்தமும் செருப்பைக் கழற்றினால் பாதத்துக்கு வந்துவிடும். வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை. ஒன்று கனமாக விழும், இரண்டும் மூன்றும் லேசு. கனமான ஒன்று எனக்குத் தரையிலிருந்து கிடைத்தது. மற்ற இரண்டையும் தோழி என் முதுகில் விரலால் தட்டிக் கொடுத்தாள். நடுவில் வலது பேட்டரி தீரப்போகிறது என்று மூன்று தடவை கூவிவிட்டு மிஷின் அடங்கிவிட்டது. புதுசை மாற்றுவதென்றால் ஸ்டிக்கரைப் பிய்த்து ஐந்து நிமிடம் காற்றில் வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் முழு அமைதி, மறுபக்கம் தூரத்து இரைச்சல், காலுக்குக் கீழே ஒன்று, முதுகில் இரண்டு, மூன்று. ரொம்ப நேரம் ஆடினோம்.

பன்னிரண்டு மணிக்கு விளக்கையெல்லாம் போட்டார்கள். முகமூடியைக் கழற்றுவது சம்பிரதாயம். நூற்றுக்கணக்கான முகங்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. கன்னத்தில் நாடா பதிந்த கோடு, மூக்கு நுனியில் வர்ணம், ஒட்டிப்போன முடி. யாரோ யாரையோ பார்த்துக் கையை ஓங்கி அடித்துச் சிரித்தார்கள். எல்லாப் புருவமும் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. நான் எதுவும் பேசாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அந்தப் பலகை வழியாகத்தான் வந்தோம். கீழே புதிதாக ஒரு அட்டை. அச்சடித்தது இல்லை, நீல மையில் கையால் எழுதியது. ஒரு குழந்தைக்கு ஒரு வருடத்துக்கு மோல்டு, பேட்டரி. அதன் பக்கத்தில் எண்கள். 41 இருந்தது. அதே சாய்ந்த எழுத்து. அதற்குக் கீழே வேறு வேறு எழுத்தில் இன்னும் பதினோரு எண்கள். நான் 28 என்று எழுதினேன். தோழி பேனாவை வாங்கி 29 என்று எழுதினாள்.

ராத்திரியில் காரில் போகும்போது நாங்கள் பேசுவதில்லை. இருட்டில் எனக்கு வாய் தெரியாது, ஓட்டுகிறவள் திரும்பவும் கூடாது. ஏதாவது சொல்ல இருந்தால் அவள் ஒரு விளக்குக் கம்பம் பார்த்து ஓரமாக நிறுத்துவாள். பல வருடப் பழக்கம். அன்றைக்கும் பாதி வழியில் நிறுத்தினாள். உள்விளக்கையும் போட்டாள். அவளுடைய கறுப்பு முகமூடியை இன்னும் கழற்றவில்லை, முடியில் சிக்கிக்கொண்டது, வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். கண்ணுமில்லை, புருவமுமில்லை. வெளிச்சம் நேராக வாயில் விழுகிற மாதிரி முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அடுத்த வருஷமும் போலாமா?"

ஆ நன்றாகத் திறந்திருந்தது.